சம்பந்தி கொண்டுவந்த ஊசி

பெர்மெத் நடந்து நான் பார்த்ததில்லை, ஓடித்தான் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் கடித்த ரொட்டி, மறு கையில் பரிசோதனைச் சீட்டு, காலில் சிவப்பு பூட்ஸ். யாரையாவது திட்டிக்கொண்டே அவள் எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தால் டிராலி தள்ளுகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். நான் பொது மருத்துவ வார்டின் தலைமை நர்ஸ், பெயர் சோனுன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதனாலோ என்னவோ, அவளுக்கும் எனக்கும் வந்த அன்றே ஒத்துப்போய்விட்டது.

அவளும் டாக்டர்தான், ஆனால் தனியாக நோயாளி பார்க்கிற டாக்டர் இல்லை. மற்ற டாக்டர்கள் எழுதுகிற மருந்து இந்த ஆளுக்குச் சரியா, எவ்வளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று பார்ப்பதுதான் அவள் படித்த படிப்பு. தலைநகரில் படித்துவிட்டு எங்கள் மலையூருக்கு வந்தபோது, இப்படி ஒரு டாக்டர் எதற்கு என்று ஒருத்தருக்கும் புரியவில்லை. துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். அவள் அதில் ஒரு மேசையையும் தேநீர் சமோவாரையும் போட்டுக்கொண்டு மறுநாளே சண்டையை ஆரம்பித்தாள்.

சண்டைக்குக் காரணம் இருந்தது. அதுவரை எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரே கிருமிகொல்லி ஊசிதான். காய்ச்சலா, செஃப்ட்ரியாக்ஸோன். வயிற்று வலியா, அதுவே. குதிரை உதைத்துவிட்டதா, அதற்கும் அதுவே. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வணக்கம் சொல்வதுபோலப் போட்டுக்கொண்டிருந்தோம். அறுவைச் சிகிச்சை டாக்டர் அஸ்கத்தை அவள் வராந்தாவிலேயே மடக்கினாள்.

“இந்த ஆளுக்கு எதுக்கு சார் இந்த ஊசி?”

“சும்மா, ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா.”

“எதுகிட்டேருந்து பாதுகாப்பு? ஓநாய்கிட்டேருந்தா? விரல் பிசகியிருக்கு, அவ்வளவுதான். கிருமி எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்.”

“நாளைக்கு வந்துட்டா?”

“வந்தா என்னைக் கூப்பிடுங்க, ஓடி வரேன். வராத விருந்தாளிக்கு இன்னைக்கே ஏன் ஆடு வெட்றீங்க? இப்பவே எல்லாத்தையும் போட்டுத் தீத்துட்டா, நெஜமாவே கிருமி வர்ற அன்னைக்கு அது நம்ம மருந்தைப் பாத்துச் சிரிக்கும்.”

அஸ்கத் டாக்டர் நல்ல மனிதர். ஆனால் ஒரு பெண், அதுவும் நேற்று வந்தவள், பத்துப் பேர் முன்னால் கேட்டால் எந்த ஆம்பிளைக்குத்தான் இனிக்கும்? அன்று மாலைக்குள் ‘மருந்து போலீஸ்’ என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார். அது அவள் காதுக்கு வந்தது. “போலீஸ்னா சம்பளத்தை ஏத்தச் சொல்லுங்க” என்றாள்.

டாக்டர்களைக்கூட வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். சொந்தக்காரர்களிடம்தான் எங்கள் பாடு சொல்லி மாளாது. எங்கள் ஊரில் மருந்தைச் சொந்தக்காரர்கள் வெளியே வாங்கிக்கொண்டு வருவது வழக்கம். வாங்குகிற கைக்கு அன்பைக் காட்டவும் அதுதான் வழி. டிரிப்ஸ் ஏறினால் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம், மாத்திரை கொடுத்தால் கைகழுவிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு பெரியவருக்குக் காய்ச்சல் விட்டதும் பெர்மெத் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினாள். மகள் வார்டு அதிரக் கத்தினாள், “எங்கப்பாவுக்கு மாத்திரையா? நாங்க என்ன அநாதையா?” மாத்திரை வயிறு வழியாகப் போய் அதே ரத்தத்தில்தான் கலக்கிறது, குழாய் குத்தியிருக்கிற கை புண்ணாகாமல் தப்பிக்கும், அவர் சீக்கிரம் வீட்டுக்கும் போகலாம் என்று இவள் எடுத்துச் சொன்னாள். கேட்டால்தானே!

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கோடையில் ஓமுர்சாக் வந்து சேர்ந்தார்.

ஓமுர்சாக்கைத் தெரியாதவர்கள் எங்கள் பள்ளத்தாக்கில் பால் குடிக்கிற குழந்தைகள் மட்டும்தான். உலாக் ஆட்டத்துக்கு மைக் பிடிக்கிறவர் அவர். தலையில்லாத ஆட்டுடலுக்காக இரண்டு கட்சிக் குதிரைக்காரர்கள் புழுதி பறக்க அடித்துக்கொள்வார்களே, அந்த ஆட்டம். அவர் குரல் இல்லாவிட்டால் அது வெறும் புழுதிதான். “டேய், குதிரை முன்னாடி போகுது, நீ ஏன்டா பின்னாடி பாக்குற, மாமியா துரத்துதா?” என்று மைக்கில் விடுவார், மைதானம் குலுங்கும். பெர்மெத்துக்கு உலாக் என்றால் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கத்திவிட்டுத் திங்கட்கிழமை தொண்டை கட்டிப்போய் வருவாள். அதனால் அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது அவள் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன்.

கடுமையான காய்ச்சல், குளிர் நடுக்கம். சிறுநீரில் ஆரம்பித்த கிருமி ரத்தத்துக்கு ஏறியிருந்தது. பரிசோதனையில் வந்த கிருமியும் லேசுப்பட்டதில்லை. நாங்கள் வணக்கம்போலப் போட்ட மருந்துகள் எதற்கும் அது மசியவில்லை. அமிகாசின் ஒன்றுக்குத்தான் கட்டுப்படும் என்று முடிவு வந்தது.

“அக்கா, இது நல்ல மருந்து, ஆனா பொல்லாத மருந்து” என்றாள் பெர்மெத். “அளவு கொறைஞ்சா கிருமி சாகாது. கூடுனா கிட்னியும் போகும், காதும் போகும். போன காது திரும்பாது.”

ஓமுர்சாக் அண்ணனின் தொந்தியைப் பார்த்து மொத்த எடைக்கும் மருந்து போட்டுவிடக் கூடாது என்று, அந்த உடம்புக்கு எவ்வளவு, அந்தக் கிட்னிக்கு எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தினம் ஒரு வேளை, அதுவும் சில நாள்தான். ஒவ்வொரு நாளும் ரத்தப் பரிசோதனை. மருந்து வேலை செய்தது! காய்ச்சல் இறங்கியது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து, என் நர்ஸ் பெண்கள் ஊசியோடு வருவதை மைக் இல்லாமலே வர்ணனை செய்ய ஆரம்பித்தார். “வராங்க, வராங்க, இடது பக்கமா வராங்க, தடுக்க ஆளில்ல!” பெர்மெத் வராந்தாவில் என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். எனக்கு வந்த மூச்சு நின்றது.

அடுத்த நாள் கிரியாட்டினின் ஏறியது. கிட்னி திணறுகிறது என்று அதற்கு அர்த்தம். பெர்மெத் அந்த நிமிடமே அமிகாசினை நிறுத்தினாள். கிருமியும் அதற்குள் போய்விட்டிருந்தது, இனி அந்த மருந்துக்கு வேலையில்லை. தண்ணீர் நிறையக் குடிக்கவைத்தால் இறங்கிவிடும் என்றாள்.

இறங்கவில்லை. மறுநாள் இன்னும் ஏறியது.

“என்ன போலீஸ், கணக்கு உதைக்குதா?” என்றார் அஸ்கத் டாக்டர்.

அவள் பரிசோதனைச் சீட்டை மடக்கிக்கொண்டு திரும்பினாள். நேராக என்னிடம் வந்தாள்.

“அக்கா, உங்க பொண்ணுங்க யாராச்சும் ரெண்டு தடவை போட்டாங்களா?”

எனக்கு வந்ததே கோபம்! “ஏம்மா, என் வார்டுல வந்து என் பொண்ணுங்க மேலயே பழி போடுறியா? நீ நிறுத்தச் சொன்ன அன்னைக்கே நிறுத்தியாச்சு. உன் கணக்கு தப்பா இருக்கும், போய்ப் பாரு.”

“கணக்கு தப்புன்னா மருந்தை நிறுத்துனதும் இறங்கியிருக்கணும்ல? மருந்தே போகாத உடம்புல எப்படிக்கா ஏறும்?”

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே ஓமுர்சாக் அறைக்குப் போனோம். அண்ணன் கட்டிலில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். சத்தமில்லை, கேலியில்லை. பெர்மெத்தைப் பார்த்ததும் சொன்னார், “யாரோ கெட்டிலை அடுப்புல வெச்சுட்டு மறந்துட்டாங்க போல. காலையிலேருந்து கூவிக்கிட்டே இருக்கு. இறக்கச் சொல்லும்மா.”

அந்தத் தளத்தில் அடுப்பே கிடையாது. பெர்மெத்தின் கை என் கையைப் பிடித்தது. அவர் காது போக ஆரம்பித்திருந்தது.

“அண்ணே, ஏன் சாஞ்சு உட்காந்திருக்கீங்க? நேரா உட்காருங்க.”

“இப்படியே சௌகரியமா இருக்கு.”

கூட இருந்த மனைவி கெஞ்ஜேகான் சட்டென்று போர்வையை இழுத்து விட்டாள். அந்த இழுப்பிலேயே எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. பெர்மெத் ஒரே எட்டில் போய்ப் போர்வையை விலக்கினாள். நாங்கள் மருந்து ஏற்றியதெல்லாம் கை நரம்பில்தான். இங்கே இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஊசி குத்திய நீலம் நீலமாகத் தடிப்புகள்.

“யாரு போட்டது?” என்றாள் பெர்மெத். அவள் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

கெஞ்ஜேகான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். விஷயம் துண்டு துண்டாக வந்தது. அந்த மாதம்தான் அவர்கள் இளைய மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புதுச் சம்பந்தி துர்துபெக் பெரிய குதிரைப் பண்ணைக்காரர். சம்பந்தி படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், வேக வைத்த ஆட்டுக்கறி, எண்ணெயில் பொரித்த பூர்சோக், புளித்த குதிரைப்பால் குமிஸ் எல்லாவற்றோடும், ‘என்ன மருந்து போடறாங்க?’ என்று விசாரித்து அதே அமிகாசினைத் தலைநகரிலிருந்து பெட்டியாக வரவழைத்துவிட்டார். புதுச் சம்பந்தி பெட்டி கொண்டுவந்தால் மூத்த மகளின் மாமனார் சும்மா இருப்பாரா? அவர் அதைவிடப் பெரிய பெட்டி கொண்டுவந்தார். சம்பந்தி கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது எங்களில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். வாங்கி மூலையில் வைக்கவும் முடியாது, வரும்போதெல்லாம் ‘போட்டீங்களா?’ என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு ஊசிக்காரி நோயாளி பார்க்க வருகிறவள்போலத் தினமும் வந்து, திரையை இழுத்துவிட்டு, முதலில் ஒருவர் ஊசி, பிறகு இன்னொருவர் ஊசி என்று பாரபட்சமில்லாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

“அதான் ஆஸ்பத்திரியிலே நிறுத்திட்டோம்னு சொன்னேனே!” என்று நான் கத்தினேன்.

“அதனாலதான் பயந்துட்டோம். நீங்க கைவிட்டுட்டீங்க, சம்பந்தி ஊசியாவது காப்பாத்தட்டும்னு விடாம போட்டோம்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பெர்மெத் வெடித்தாள். “இந்த ஆளோட காதைத் தின்னுக்கிட்டு இருக்கீங்கம்மா! ஊரே இவர் மைக்குக்காகக் காத்திருக்கு, நீங்க போட்டிபோட்டு ஊத்துறீங்க! எங்க அந்தப் பெட்டிங்க?”

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் கொடுத்த கெஞ்ஜேகான், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதைக் கொண்டு போயிரு டாக்டரம்மா. ஆனா சாயங்காலம் புதுச் சம்பந்தி திரும்ப வருவாரு, கையில மருந்தோட வருவாரு. நான் வேணாம்னு சொல்ல முடியாது. எம் பொண்ணு அந்த வீட்டுல வாழணுமே!”

ஓமுர்சாக் அண்ணன் ஒன்றும் புரியாமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், “ஏம்மா, அந்தக் கெட்டில் எனக்குள்ளதான் கூவுதா?”

“ஆமாண்ணே.”

“நிக்குமா?”

“நிறுத்தப் பாக்குறேன்” என்றாள். அவள் பொய் சொல்லமாட்டாள்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன், போலீஸைக் கூப்பிடலாம், வாசலிலேயே தடுக்கலாம் என்று. அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். “தடுத்தா அந்தப் பொண்ணு மாமியா வீட்டுல தலைகுனியும். அப்புறம் அந்தம்மா எப்படியாச்சும் ஒளிச்சுப் போடுவாங்க. அக்கா, சமோவாரைப் பத்தவைங்க. நல்ல கோப்பையா எடுங்க.”

சாயங்காலம் துர்துபெக் வந்தார். வெள்ளைக் கம்பளித் தொப்பி, பின்னால் மனைவி, கையில் புதுப் பெட்டி. பெர்மெத் படிவரை இறங்கிப்போய் வரவேற்று, அந்தத் துடைப்ப அறையில், வாசலுக்கு எதிரே மரியாதைக்குரிய இடத்தில் அவரை உட்காரவைத்தாள். தேநீரை, முழுக்க ஊற்றினால் கிளம்பச் சொல்வதாகிவிடும் என்று, அரைக்கோப்பையாக ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

“சம்பந்தி கொண்டுவந்ததை நாங்க தலைமேல வெச்சு வாங்கிக்கிறோம் அண்ணே” என்று பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தாள். “ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கக் கூடாது. இந்த மருந்து அவருக்கு அளவுக்கு மேல போயிடுச்சு. கிட்னி திணறுது. காது போய்க்கிட்டு இருக்கு. இன்னொரு ஊசி விழுந்தா, உங்க சம்பந்தி நாளைக்குப் பொறக்கப்போற உங்க பேரனோட சத்தத்தைக் கேக்கமாட்டாரு.”

துர்துபெக்கின் கோப்பை பாதியில் நின்றது. “நான் கொண்டுவந்ததாலயா?”

“நீங்க அன்பாத்தான் கொண்டுவந்தீங்க. எல்லாரும் அன்பாத்தான் கொண்டுவராங்க. இன்னமும் கொண்டுவருவாங்க, எனக்கு அதான் பயம். எங்களால ஒருத்தரையும் தடுக்க முடியல. இந்த ஊர்ல எவன் வந்தாலும் ‘திரும்பிப் போ’ன்னு சொல்ற தகுதி ஒருத்தருக்குத்தான் இருக்கு.”

“யாருக்கு?”

“புதுச் சம்பந்திக்கு.”

மனிதர் மீசையைத் தடவினார். மனைவியைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். “எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லும்மா” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் நடந்ததை என்னவென்று சொல்வேன்! ஓமுர்சாக்கின் அறை வாசலில் துர்துபெக், மடியில் சாட்டையோடு உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்களின் பைகளைத் துழாவினார். கறிக்கு அனுமதி, ரொட்டிக்கு அனுமதி, ஊசி என்றால் சாட்டை. மூத்த சம்பந்தி இன்னொரு பெட்டியோடு வந்தபோது இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு தெருவரை கேட்டது. “நீ யாருய்யா என்னைத் தடுக்க?” “நான் நிறுத்திட்டேன்ல, நீயும் நிறுத்து! சம்பந்தியோட காது உனக்கு வேணுமா, உன் பெட்டி வேணுமா?” ஊசிக்காரி வராந்தா முனையில் அவரைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிட்டாள். அஸ்கத் டாக்டர் வழக்கமான பரிசோதனைக்கு வந்தார், அவரையும் நிறுத்திவிட்டார்.

“பையில என்ன?”

“ஸ்டெதாஸ்கோப் ஐயா. நான் டாக்டர்.”

“டாக்டரா இருந்தா என்ன? பெர்மெத் டாக்டரம்மாவைக் கேட்டியா?”

அஸ்கத் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் போய் அவளைக் கேட்டுவிட்டு வந்தார்!

கிரியாட்டினின் ஏறுவது நின்றது. பிறகு இறங்கியது. ஒவ்வொரு நாளும் முடிவு வரும்போது பெர்மெத் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறிவந்து, துர்துபெக்கிடம்தான் முதலில் சொல்வாள். அவர் தன் குதிரை முந்தியதுபோலத் தொடையில் தட்டுவார். கெட்டில் சத்தமும் மெல்ல மெல்ல அடங்கியது. கிட்னி முழுசாகத் தேறியது. காதை மட்டும் மாகாண ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதித்தோம். பேச்சு கேட்கிறது, குதிரைக் குளம்பு கேட்கிறது, கூட்டத்தின் இரைச்சல் கேட்கிறது. உச்சத்தில் கீச்சென்று வருகிற சத்தம் மட்டும் போனது போனதுதான்.

பெர்மெத் இதைச் சொன்னபோது அண்ணன் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “அப்போ நடுவரோட விசில்?” என்றார்.

“கேக்காதுண்ணே.”

“விசில் கேக்காதவன் எப்படி மைக் பிடிக்கிறது?” என்று சொல்லி அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றுதான் பெர்மெத் வராந்தாவில் ஓடாமல் நடந்து போனாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் அறுவடை முடிந்து பெரிய உலாக். இரண்டு பள்ளத்தாக்கும் திரண்டு வந்திருந்தது. துர்துபெக்கும் மூத்த சம்பந்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அண்ணனை மேடைக்கு இழுத்து வந்தார்கள். இந்த முறையும் அவர்கள் போட்டிதான் போட்டார்கள், ஆனால் எனக்குப் பிடித்த போட்டி. மைக் கைக்குப் போனதும் குரல் தானாக வந்துவிட்டது. “வந்துட்டாண்டா ஓமுர்சாக், செத்துட்டான்னு எவன்டா சொன்னது?” மைதானம் எழுந்து கத்தியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

குதிரைகள் மோதின. புழுதி எழுந்தது. ஆடு கைமாறியது, ஆட்டைப் போட வேண்டிய இலக்கு நெருங்கியது, நடுவர் தவறு கண்டு விசில் ஊதினார். குதிரைகள் நின்றுவிட்டன. அண்ணன் நிற்கவில்லை. “போறான், போறான், விடாதே!” என்று கத்திக்கொண்டே இருந்தார். கூட்டம் ஒரு நொடி முழித்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பரவியது. புழுதி அடங்கி, குதிரைகள் சும்மா நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. மைக்கை இறக்கினார். முகத்தில் ரத்தமே இல்லை.

என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் சிவப்பு பூட்ஸ் வேலியைத் தாண்டிக்கொண்டிருக்கிறது! மேடையில் ஏறி அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது. அண்ணன் தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தார். அடுத்த விசில் வந்ததும் அவர் தோளை ஒரு பிடி பிடித்தாள். அண்ணன் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை அந்த இடத்திலேயே வெட்டினார். அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே வைத்தார்.

“விசில் ஊதியாச்சுங்க” என்றார். “என் புதுக் காது சொல்லுது.”

சிரித்த கூட்டம் அப்படி ஆரவாரித்ததை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அன்று வெயில் சாய்கிறவரை பெர்மெத் அந்த மேடையில் நின்றாள். எதிரே அவளுக்கு உயிரான ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவள் ஒரு குதிரையைக்கூடப் பார்க்கவில்லை, நடுவரின் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது யார் ஜெயித்தது என்று என்னிடம்தான் கேட்டாள்.